பள்ளிக்கூட கேட்டுக்கு யார் பொறுப்பு?

2022 செப்டம்பரில் காரைக்காலையே உலுக்கிய சம்பவம் அது. தனியார் பள்ளி மாணவன் ஒருவனுக்கு வாட்ச்மேன் கையால் குளிர்பானம் வந்தது. வீட்டில் கொடுத்தனுப்பியது என்று நம்பிக் குடித்தான். வீடு திரும்பியதும் வாந்தி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் பையன் பிழைக்கவில்லை.

நாங்கள் எதுவும் கொடுத்தனுப்பவில்லையே என்று பெற்றவர்கள் பதறிய பிறகுதான் சந்தேகம் கிளம்பியது. பள்ளி கேமராவில் பதிவானதைப் பார்த்து, கூடப் படித்த மாணவியின் தாயாரைப் போலீசார் கைது செய்தார்கள். படிப்பில் வந்த போட்டிதான் காரணம் என்றது போலீஸ் தரப்பு.

குற்றம், தண்டனை எல்லாம் கோர்ட்டு விஷயம். நாம் கேட்பது வேறு.

வாட்ச்மேனை மட்டும் திட்டி என்ன பிரயோஜனம்? வெளியார் நீட்டும் பொருளை வாங்கலாமா? வாங்கினால் யாரிடம் காட்டணும்? எந்த நோட்டில் கையெழுத்து? இதை எழுதி வைக்க வேண்டியது பள்ளி நிர்வாகம். எழுதியபடி நடக்கிறதா என்று பார்க்க வேண்டியது கல்வித்துறை. புதுச்சேரியில் உட்கார்ந்துகொண்டு 130 கிலோ மீட்டருக்கு அப்பால் உள்ள கேட்டைப் பார்க்க முடியாது. காரைக்காலிலேயே ஒரு அதிகாரி பேர் சொல்லிப் பொறுப்பேற்க வேண்டும். கேமரா நடந்ததைத்தான் காட்டும், நடக்கப்போவதைத் தடுக்காது!

அடுத்தது பிள்ளைகளின் மனசு. ரேங்க் போட்டி வகுப்போடு நிற்பதில்லை. வீட்டுக்குள்ளும் புகுந்து பெரியவர்களையே ஆட்டி வைக்கிறது. 100 மாணவர்களுக்குக் குறையாமல் படிக்கும் ஒவ்வொரு கல்வி நிலையத்திலும் தகுதியுள்ள மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. ஆசிரியர், ஊழியர்களுக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை பயிற்சியும் தரச் சொன்னது.

அதற்காக, கணக்கு வாத்தியார் மேஜையிலேயே 'ஆலோசகர்' என்று போர்டு வைத்துவிட்டுக் கணக்குக் காட்டக்கூடாது. மார்க் போடுகிறவரிடமே பையன் மனசைத் திறப்பானா?

பெற்றோர்களே! அடுத்த கூட்டத்தில் மார்க்கைக் கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்: கேட்டுக்கு யார் பொறுப்பு? ஆலோசகர் யார்? பிள்ளை அவரை என்றைக்குப் பார்க்கலாம்? பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098, மனக்கஷ்டம் என்றால் 14416. இந்த இரண்டு நம்பரும் பள்ளிச் சுவரில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பீஸில் பத்து ரூபாய் பாக்கி என்றாலும் சும்மா விடுவார்களா? பாதுகாப்பில் மட்டும் பாக்கி வைக்கலாமா?