ஒலிவாங்கி ஏன் ஊளையிடுகிறது?

ஆண்டு விழா மேடையில் ஒரு சிறுமி பேசத் தொடங்குகிறாள். உடனே ஒலிபெருக்கி ஊளையிடுகிறது. அவையோர் காதைப் பொத்துகின்றனர். யாரோ ஓடிச்சென்று ஒலியைக் குறைக்கிறார். நம் விழாக்களில் இஃது ஒன்றும் புதிதன்று. காரணம் யாதெனப் பிள்ளைகள் வினவினால், ஆங்கிலத்தில் விடையிறுக்கிறோம். அல்லது பேசாதிருக்கச் சொல்கிறோம். இரண்டும் தவறென்றே நாம் கருதுகிறோம்.

இவ்விடை தமிழுக்கு அடங்காததன்று. ஒலிபெருக்கியில் எழும் ஒலி காற்றின் வழியே மீண்டும் ஒலிவாங்கியை அடைகிறது. இதுவே பின்னூட்டம். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். இடைவெளி 3.4 மீட்டர் எனில், அது வந்துசேர நூறில் ஒரு நொடி ஆகும். கருவிகளின் சிறு தாமதத்தை விட்டுவிட்டால், நொடிக்கு 100, 200, 300 முறை அதிரும் ஒலிகளுக்கு அத்தாமதம் முழுச் சுற்றுகளாகவே அமையும். திரும்பிய அலை புறப்படும் அலையோடு முகட்டுக்கு முகடு பொருந்தும். அவ்வாறு பொருந்தும் ஒலிகளுள் ஒன்று, புறப்பட்டதைவிட வலிமையுடன் திரும்பினால் சுற்றுக்குச் சுற்று வளர்ந்து ஊளையாகும். வலிமை குன்றித் திரும்பினாலோ தேய்ந்து மறையும்.

அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஹாரி நைக்விஸ்ட் 1932இல் இத்தகைய நிலைத்தன்மைக்குக் கணித விதி வகுத்தார். அங்கேயே பணியாற்றிய ஹென்ட்ரிக் போடியின் பெயரால் வழங்கும் இரு வரைபடங்களுள் ஒன்று அதிர்வெண்தோறும் பெருக்கத்தையும், மற்றொன்று கட்ட மாற்றத்தையும் காட்டும். அவற்றைத் தனித்தனியே படிப்பதில் பயனில்லை. அலைகள் பொருந்தும் அதிர்வெண்ணில், பெருக்கம் ஒன்றுக்கு எவ்வளவு கீழே நிற்கிறது என்பதே பாதுகாப்பின் அளவு. விமானத் தானியங்கிகளை வடிவமைக்கும் பொறியாளரும் இதனையே நோக்குவர்.

அதிர்வெண்ணை ஈழத்துப் பாடநூல்கள் மீடிறன் என்கின்றன. எச்சொல் சரியென்று பெரியவர்கள் வாதிட்டு முடிப்பதற்குள் பிள்ளைகள் இரண்டையும் கற்றுவிடுவர்!

பேச்சுப் போட்டிக்கும் செய்யுள் மனனத்துக்கும் நாம் தரும் நேரம் தகும். ஆயினும், அவை மட்டுமே தமிழெனில், மேடைக்குத் தமிழ், சிந்தனைக்கு ஆங்கிலம் எனப் பிள்ளைகள் முடிவுகட்டிவிடுவர். அம்முடிவை வீடுகளில் ஏற்கெனவே கேட்கிறோம். பொறியியல் கற்ற பெற்றோர் நம்மிடையே பலர் உளர். தமிழில் சொல்லவராது என்று அவர்கள் ஒதுங்குவதை நாம் ஏற்பதற்கில்லை. முதல் நாள் தடுமாறட்டும், பிள்ளைகள் பொறுத்துக்கொள்வர்.

அடுத்த விழா ஒத்திகையில் அரைமணி நேரம் ஒலிவாங்கியை மாணவரிடம் ஒப்படைப்போம். எத்தனை அடி தொலைவில், எந்த அளவில் ஊளை எழுகிறதென அவர்களே குறித்து வரைபடம் வரையட்டும். காதுகளைக் காக்க, ஒலியைக் குறைக்கும் குமிழருகே பெரியவர் ஒருவர் நின்றால் போதும்.