மாடிப்படி சொல்லும் கணக்கு

நுரையீரல் புற்றுநோய் ஆரம்பத்திலேயே பிடிபட்டால், கட்டி இருக்கும் மடலை வெட்டி எடுப்பதுதான் பெரும்பாலும் முதல் வழி. வலது பக்கம் மூன்று மடல், இடது பக்கம் இரண்டு. அதில் ஒன்று போன பிறகு, மிச்சத்தை வைத்து அந்த மனிதர் சமாளிப்பாரா? ஆபரேஷனுக்கு முன்பே விடை தெரிந்தாக வேண்டிய கேள்வி இது.

வழக்கமாக ஊதச் சொல்லிப் பார்ப்பார்கள். ஒரு வினாடியில் எவ்வளவு காற்றை வெளியே தள்ளுகிறார் என்று அளந்து, வெட்டிய பின் எத்தனை சதவீதம் மிஞ்சும் என்று கணக்குப் போடுவார்கள். நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கு வாயு எவ்வளவு கடக்கிறது என்பதையும் இப்படியே கணக்கிடுவார்கள். தேவையான சோதனைகள்தான். ஆனால் இரண்டுமே உட்கார்ந்த இடத்தில் எடுப்பவை! சாதாரண செவ்வாய்க்கிழமை வியாபாரத்தைப் பார்த்து, ஒரு கடை தீபாவளிக் கூட்டத்தைத் தாங்குமா என்று சொல்ல முடியுமா?

ஆபரேஷன் உடம்புக்கு அந்தக் கூட்டம் மாதிரி. நுரையீரல், இதயம், தசை எல்லாம் சேர்ந்து ஓட வேண்டும். அதைப் பார்க்கத்தான் உடற்பயிற்சி சோதனை. முகமூடி மாட்டி சைக்கிள் மிதிக்க வைத்து ஆக்சிஜன் செலவை அளப்பார்கள். கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 20 மில்லிக்கு மேல் என்றால் ஆபத்து குறைவு; 10-க்குக் கீழே என்றால் மிக அதிகம்.

மெஷின் விலை அதிகமாச்சே என்பவர்களுக்கு மாடிப்படி இருக்கிறது. அமெரிக்க மார்பு மருத்துவர்கள் கல்லூரி 2013-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, அந்த இரண்டு கணக்கும் 30-க்கு மேல் இருந்து, ஒன்றாவது 60-க்குக் கீழே வந்தால், படியேற வைத்துப் பார்க்கலாம். 22 மீட்டர் உயரத்துக்கு மேல், அதாவது சுமார் ஏழு மாடி, ஏறிவிட்டால் ஆபத்து குறைவு. முடியாவிட்டால்தான் மெஷின். (மருத்துவர் பக்கத்தில் இருந்து செய்ய வேண்டியது இது. முட்டிவலிக்காரருக்கு ஒத்து வராது.)

இந்தச் சோதனை ஏன் முக்கியம்? ஆபரேஷனில் ஒருவர் இறந்தால் அது ஆஸ்பத்திரியின் கணக்கில் ஏறும். "உங்களுக்குத் தாங்காது" என்று திருப்பி அனுப்பப்பட்டவர் பிறகு புற்றுநோயிலேயே இறந்தால், அது ஆபரேஷன் கணக்கில் வராது. ஊதும் சோதனையில் தோற்று, படியில் ஜெயிக்கக்கூடியவர்கள் இருக்கிறார்கள். அவர்களை ஏற வைத்துப் பார்க்காமலே கைவிடுவது பாதுகாப்பு ஆகாது.

படியில் தோற்றாலும் கதை முடியவில்லை. சிகரெட்டை விட்டு, பயிற்சி செய்து தேறலாம். சிறிய அளவில் வெட்டலாம். கதிர்வீச்சும் இருக்கிறது. சோதனை வழி காட்டத்தான், கதவைச் சாத்த அல்ல.