ஒரே அச்சு, ஒரே படகு!

பி.காம் படிக்கிறவனுக்கும் பாய்மரப் படகுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது, பொறுங்கள்.

2021ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸில் நம்ம சென்னைப் பெண் நேத்ரா குமணன் லேசர் ரேடியல் பிரிவில் கலந்துகொண்டார். படகோட்டத்தில் ஒலிம்பிக்ஸுக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் அவர்தான். அந்தப் பிரிவில் பணக்கார நாடு, ஏழை நாடு எல்லோருக்கும் ஒரே படகு. அதையும் போட்டி நடத்துகிறவர்களே கொடுத்துவிடுகிறார்கள். ஃபார்முலா 1 மாதிரி "என் வண்டி உன் வண்டியை விட உசத்தி" என்ற பேச்சே கிடையாது. எனக்கு ரொம்பப் பிடித்துப்போய் இந்தப் படகைப் பற்றித் தேடிப் படித்தேன்.

1969ல் கனடாக்காரர் புரூஸ் கிர்பியிடம் அவர் நண்பர் இயன் புரூஸ் போனில் கேட்டது, காரின் கூரைமேல் ஏற்றிப் போகிற மாதிரி ஒரு சின்னப் படகு. பேசிக்கொண்டே கிர்பி கிறுக்கிய படம்தான் லேசர். நீளம் சுமார் 4.2 மீட்டர். ஃபைபர்கிளாஸ் உடல் சுமார் 59 கிலோ. ஒரே பாய். பாய்மரம் இரண்டு துண்டாகக் கழன்றுவிடும். அவ்வளவுதான்! இதுவரை இரண்டு லட்சத்துக்கும் மேல் செய்துவிட்டார்கள்.

இதில் வணிகவியல் எங்கே? ஃபைபர்கிளாஸ் படகில் பெரிய செலவு அச்சு செய்வதுதான். அதன்பின் எத்தனை படகு எடுக்கிறோமோ, அச்சுச் செலவு அத்தனையாகப் பிரியும். லேசரில் இன்னொரு சாமர்த்தியம்: உடலை மாற்றாமல் பாயையும் கீழ்ப் பாய்மரத்தையும் மட்டும் மாற்றினால் மூன்று படகு. 7.06 சதுர மீட்டர் பாய் கனமானவர்களுக்கு, 5.76 எடை குறைந்தவர்களுக்கு, 4.7 சிறுவர்களுக்கு. ஒரு அச்சு, மூன்று சந்தை. நம்ம காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தில் சேர்க்க வேண்டிய உதாரணம்!

ஆனால் குறையும் உண்டு. "எல்லாம் ஒரே மாதிரி" என்றால், யார் செய்யலாம் என்பதையும் யாரோ ஒருவர் முடிவு செய்யவேண்டும். அங்கீகாரம் பெற்ற பாயைத்தான் போட்டியில் கட்டலாம். அதே அளவில் வெளியே மலிவாகக் கிடைத்தாலும் செல்லாது. 2019ல் தொழிற்சாலையை ஆய்வு செய்வது பற்றிய தகராறில், படகோட்டிகள் சங்கம் ஒரு தயாரிப்பாளரை விலக்கியது. "லேசர்" என்ற பெயரோ பல நாடுகளில் அந்தத் தயாரிப்பாளர் கையில்! விளைவு, அதே படகுக்கு ஐ.எல்.சி.ஏ என்று புதுப் பெயர். ஐம்பது வருஷத்து குட்வில் ஒரே நாளில் பாதியாய்ப் பிரிந்த மாதிரி.

என் கருத்து இதுதான். கட்டுப்பாடு தப்பில்லை, அது இல்லையென்றால் காசு உள்ளவன்தான் ஜெயிப்பான். ஆனால் அளவுகோலும் பெயரும் விளையாடுகிறவர்களின் பொதுச்சொத்தாக இருக்கவேண்டும்; செய்கிறவர்கள் பலராக இருந்து விலையில் மோதிக்கொள்ளவேண்டும். பெயர் மாறியபின் பல தயாரிப்பாளர்களுக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. இதை 1971லேயே யோசித்திருக்கலாம்.

பெயர் போனபிறகும் படகு மிதக்கிறது. டிசைன் நன்றாக இருந்ததற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்?

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? திட்டுவதானாலும் சொல்லுங்கள் :-)