அளந்து வரையும் கைகள்



படிவம் 3 முடிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் ஆண்டுதோறும் எழும் கேள்வி, அடுத்து எந்தப் பாடங்களை எடுப்பது என்பதுதான். கணக்கியல், உயிரியல், பொருளியல் எல்லாம் பேச்சில் வரும். பொறியியல் வரைகலை, அதாவது பள்ளிப் பாடப்பட்டியலில் 'லுக்கிசான் கெஜுருத்தெராஆன்' என்று இருக்கும் பாடம், பெரும்பாலும் பேச்சுக்கே வருவதில்லை. வந்தாலும், "படம் வரைந்து என்ன செய்யப் போகிறாய்?" என்ற கேள்வியோடு முடிந்துவிடுகிறது. எல்லாப் பள்ளிகளிலும் இந்தப் பாடம் இல்லை. இருக்கும் பள்ளியிலாவது நம் பிள்ளைகள் இதைத் தயங்காமல் எடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

இந்தப் பாடத்துக்கு ஓவியத் திறமை வேண்டியதில்லை. ஒரு பொருளை முன்னிருந்தும் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்த்து, மூன்றையும் ஒரே தாளில் பொருத்தி வரையும் ஒழுங்குதான் இது. கண்ணுக்குத் தெரியும் விளிம்புக்குத் தடித்த கோடு. உள்ளே மறைந்திருக்கும் விளிம்புக்கு விட்டு விட்டுப் போடும் மெல்லிய கோடு. மூன்று பக்கங்களையும் சேர்த்துக் காட்டும் ஐசோமெட்ரிக் படத்துக்கு 30 பாகைச் சாய்வு. இந்தச் சாய்வு நம் குடும்பங்களுக்குப் புதிதா என்ன? ஒட்டுக்கட்டிய ரப்பர் மரத்தில் வெட்டுக்கோடு குறிக்கும்போது வைக்கும் சாய்வும் 30 பாகைதான். பட்டைக்குள் பால் குழாய்கள் சற்றுச் சாய்ந்து ஓடுவதால், இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபட்டுப் பால் நன்றாக இறங்கும். கெடாத் தோட்டங்களில் நம் பாட்டிமார் விடியற்காலை இருட்டில் அந்தக் கோட்டைப் பிசகாமல் வெட்டினார்கள்.

கற்பிக்கும் முறையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். புத்தகத்தில் உள்ள படத்தை அப்படியே பார்த்து வரையும் மாணவன், அதே பொருளைத் திருப்பி வைத்தால் திகைத்து நிற்கிறான். அவன் கண் கோட்டைத்தான் பார்த்தது, பொருளைப் பார்க்கவில்லை. அதனால் முதலில் பொருளைக் கையில் கொடுக்க வேண்டும். ஒரு சவர்க்காரக் கட்டியில் படி வெட்டி, நடுவில் ஒரு துளையும் போட்டுக் கொடுத்தால் போதும். இடப்பக்கத்திலிருந்து எப்படித் தெரியும் என்று முதலில் வாயால் சொல்லட்டும், பிறகு வெறுங்கையால் வரையட்டும். மூலைமட்டமும் அளவுகோலும் அதற்குப் பின், கணினி மென்பொருள் எல்லாவற்றுக்கும் பின். திரையில் பொருளைச் சுழற்றிக் காட்டும் வேலையை மென்பொருளே செய்துவிடுகிறது. பொருளை மனத்துக்குள் சுழற்றிப் பார்க்கக் கற்ற பிள்ளைக்குத்தான் அந்த மென்பொருள் நன்றாகப் பயன்படும்.

தமிழ்ப்பள்ளியில் 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' பாடத்தைத் தமிழில் படித்துவிட்டு வரும் பிள்ளைகள், இடைநிலைப்பள்ளியில் பெரும்பாலான பாடங்களை மலாயில் படிக்க வேண்டியிருக்கிறது. சிலர் புகுமுக வகுப்பில் ஓராண்டைக் கழிக்கிறார்கள். மொழியில் தடுமாறினாலும், வரைபடத்தாளின் முன் அவர்கள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. அங்கே கிடைக்கும் தன்னம்பிக்கை மற்றப் பாடங்களுக்கும் பரவும்.

படித்தபின் வழியும் பக்கத்திலேயே இருக்கிறது. சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் அலோர்ஸ்டாரிலும் தொழிற்கல்லூரிகள் உள்ளன. கூலிமில் துவாங்கு சுல்தானா பாஹியா பாலிடெக்னிக் இருக்கிறது, 1996-இல் தொடங்கிய உயர்தொழில்நுட்பப் பூங்காவும் இருக்கிறது. தொழிற்சாலை வரைபடங்களில் முதற்கோண முறை, மூன்றாங்கோண முறை என இரண்டு உண்டு. தாளின் மூலையிலுள்ள சிறு குறியைக் கவனிக்காமல் வாசித்தால், செய்யும் உதிரிப்பாகம் இடவலம் மாறிப்போகும். இதை அறிந்த பிள்ளைகள் அந்தப் பூங்காவுக்கு வேலைக்குப் போக வேண்டும்.

பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள். மெர்போக்கில் உள்ள புக்கிட் பத்து பஹாட் சண்டிக்கு மாணவர்களை அளவுநாடாவோடு அழைத்துச் செல்லுங்கள். ஆய்வாளர் அலஸ்டேர் லேம்ப் 1960-இல் மீட்டுக் கட்டிய கோயில் அது. விமானத்தின் கல் அடித்தளமும் மண்டபத் தூண்கள் நின்ற கற்களும் இருக்கின்றன. மரத்தூணும் கூரையும் மட்கிப்போயின. தரைப்படத்தை அளந்து வரைந்துவிட்டு, மேலே என்ன இருந்திருக்கும் என்று மாணவர்கள் முன்தோற்றம் வரைந்து பார்க்கட்டும். இதைவிட நல்ல பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியதில் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்கள் பலவும் இடிந்துவிட்டன. உங்கள் ஊரில் ஒரு லயமோ பழைய பாலர் கொட்டகையோ தோட்டக் கோயிலோ இன்னும் நின்றால், வீட்டுப் பிள்ளைகளை அளந்து வரையச் சொல்லுங்கள். சுவரின் நீளம், கதவின் அகலம், அடுப்படி இருந்த இடம் எல்லாம் அளவோடு இருக்கட்டும். நிழற்படம் தோற்றத்தைக் காட்டும். அளவுள்ள படம் இருந்தால் அதை வைத்து நாளை ஒருவர் திரும்பக் கட்டவே முடியும். வரைந்து அனுப்புங்கள், பிள்ளையின் பெயரோடு வெளியிடுகிறோம். ஓய்வுபெற்ற வரைவாளர்களும் தொழில்நுட்பர்களும் சனிக்கிழமைகளில் ஓரிரு மணி நேரம் பிள்ளைகளோடு உட்கார முன்வந்தால் எங்களுக்கு எழுதுங்கள். அருகிலுள்ள பள்ளியோடு உங்களைச் சேர்த்துவைக்கும் வேலையை நாங்கள் ஏற்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்