24-ஆ 28-ஆ? நாலு மில்லிமீட்டர் குடுமிப்பிடி

நார்த்தாமலைக்குக் கேமரா தூக்கிக்கொண்டு போகும் பசங்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதிரே மேலமலையில் விஜயாலய சோழீச்சரம் அம்சமாக நிற்கும். இவர்களோ பாறையில் உட்கார்ந்து, "கேனன் 24 எம்.எம். வாங்கலாமா, 28 எம்.எம். வாங்கலாமா" என்று பட்டிமன்றம் நடத்துவார்கள். நடுவர் மட்டும்தான் பாக்கி!

இரண்டுமே 2012-ல் ஒன்றாக அறிவிக்கப்பட்ட அண்ணன் தம்பிகள். இரண்டும் எஃப்/2.8. இரண்டிலும் கைநடுக்கத்தைச் சமாளிக்கும் ஐ.எஸ். உண்டு. ஃபில்டர் அளவும் ஒரே 58 எம்.எம்.தான். எடை 280 கிராம், 260 கிராம். இதற்கா இவ்வளவு அடிதடி?

கணக்கு ரொம்ப சிம்பிள். ஃபுல் ஃபிரேம் கேமராவில் 24-ஐ மாட்டி 6 மீட்டர் தள்ளி நின்றால் 9 மீட்டர் அகலம் படத்தில் விழும். 28-ல் அதே 9 மீட்டர் வேண்டுமா? 7 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். வித்தியாசம் ஒரே ஒரு மீட்டர். ரெண்டு எட்டு பின்னால் வைத்தால் தீர்ந்தது. நார்த்தாமலையில் பாறைக்கா பஞ்சம்?

"அகலமாக இருந்தால் நல்லதுதானே" என்பார்கள். குரூப் போட்டோவில் ஓரத்தில் நிற்கிறவனைக் கேளுங்கள். 24-ல் அவன் முகம் இழுத்துவிட்ட மாதிரி இருக்கும். 28-ல் அந்தக் கொடுமை கொஞ்சம் குறைவு.

24 ஜெயிக்கும் இடமும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். சோழீச்சரத்துக்கு எதிரே சமணர் குடகு. பேர்தான் சமணர், உள்ளே வரிசையாக 12 விஷ்ணு சிற்பங்கள்! குடைவரைக்குள் பின்னால் போனால் முதுகில் கல்தான் இடிக்கும். அங்கே 24-தான் ராஜா. ஆக, உள்ளே எடுப்பவனுக்கு 24, வெளியே எடுப்பவனுக்கு 28. மேட்டர் ஓவர்.

இதில் பெரிய காமெடி வேறு. சண்டை போடும் பல பேர் கையில் இருப்பது கிராப் சென்சார் கேமரா. 1.6-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 24 என்பது 38 ஆகிறது, 28 என்பது 45 ஆகிறது. இரண்டுமே வைடு இல்லை சாமி! அகலம்தான் வேண்டுமென்றால் 2014-ல் வந்த 10-18 எம்.எம். பக்கம் போக வேண்டும். பாடியைப் பார்க்காமல் லென்ஸ் வாங்குவது, கால் அளவு தெரியாமல் செருப்பு வாங்குகிற கதை.

பி.காம். முதல் வருஷத்திலேயே வாய்ப்புச் செலவு என்று ஒன்று சொல்லித் தருவார்கள். இந்த ஆராய்ச்சியில் கரைந்த சனி ஞாயிறுகளில் திருமயம், குடுமியான்மலை, சித்தன்னவாசல் எல்லாம் போய் வந்திருக்கலாம். பரீட்சையில் அதற்கு விளக்கம் எழுதி மார்க் வாங்கியவர்கள்தான் இப்படி மாதக்கணக்கில் விலைப்பட்டியல் படிக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. சோழீச்சரம் மேற்கு பார்த்த கோயில். முகப்பில் வெயில் விழுவது சாயங்காலம்தான். காலையில் போய் நிழலை எடுத்துவிட்டு லென்ஸைத் திட்டுகிறவர்களுக்கு 24-ம் உதவாது, 28-ம் உதவாது. சாயங்கால பஸ்தான் உதவும்!