குட்டியாக இருக்கும்போது அழகுதான்



இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒன்று திருவனந்தபுரம் பழவங்காடியில் குடியிருக்கும் வாசகி ஒருவருடையது. பிளஸ் ஒன் படிக்கும் மகன், 'பால் பைத்தான்' மலைப்பாம்புக் குட்டி ஒன்று வாங்கித் தரச்சொல்லி நச்சரிக்கிறானாம். அவன் மனசு மாற வேண்டி, பழவங்காடிக் கணபதிக்குத் தேங்காய் உடைத்தாராம். வயிற்றில் பாம்பையே கச்சையாகக் கட்டியிருக்கும் சாமி அவர். இந்த வழக்கில் யார் பக்கம் நிற்பாரோ!

தம்பி, உன் ஆசையில் தப்பில்லை. மலைப்பாம்பு பார்க்கப் பார்க்க அலுக்காத பிராணி. இரையைச் சுற்றி இறுக்குவது மூச்சை அடைக்கத்தான் என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். ஆனால் அந்த இறுக்கம் ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடுகிறது என்று போவா பாம்பை வைத்து நடந்த 2015ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. நம் காட்டு மலைப்பாம்பின் தாய், முட்டைகளைச் சுற்றிப் படுத்து, உடம்பை விட்டுவிட்டுச் சிலிர்க்கவைத்துச் சூடு கொடுக்கும்.

ஆனால் வாங்குகிறவர் கணக்குப் போடாத ஒன்று உண்டு: ஆயுள். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சிசாலையில் ஒரு பால் பைத்தான், 60 வயதைத் தாண்டிய பிறகு 2020இல் முட்டையிட்டது. நீ காலேஜுக்கும் வேலைக்கும் வெளியூர் போன பிறகு அதற்கு எலி போடப்போவது அம்மாதான்.

பெரிய ஜாதி என்றால் சிக்கலும் பெரிது. வளர்ப்பதற்காக ஆசியாவிலிருந்து அமெரிக்கா போன பர்மிய மலைப்பாம்புகள், தப்பியும் கைவிடப்பட்டும் புளோரிடா சதுப்புநிலத்தில் பெருகின. அங்கே ரக்கூன்கள் கண்ணில் படுவது 99 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது என்கிறது 2012இல் வெளியான ஆய்வு. அந்தப் பாம்புகளைப் பிடிக்க 2017இல் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் விமானம் ஏறினார்கள். தடம் பார்த்தே தேடும் அவர்கள், இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகளைப் பிடித்துக் காட்டினார்கள். அதில் ஒன்று 16 அடி. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. நமக்குப் பெருமைதான். ஆனால் யாரோ ஆசைப்பட்டு வாங்கியதை, கடல் கடந்து போய் இவர்கள் பிடிக்க வேண்டியிருந்தது.

நம் ஊரில் சட்டம் தெளிவு. இந்திய மலைப்பாம்பு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வீட்டில் வைத்திருந்தால் ஜெயில்தான். பால் பைத்தான் போன்ற வெளிநாட்டுப் பாம்புகளை, 2024 விதிகளின்படி 'பரிவேஷ்' தளத்தில் பதிவு செய்ய வேண்டும். குட்டி பிறந்தாலும், கை மாறினாலும், செத்தாலும் தெரிவிக்க வேண்டும். "பேப்பரெல்லாம் இருக்கு" என்று விற்பவர் சொன்னால் வாங்கிப் படித்துப் பாருங்கள். கடத்தி வந்ததாகவும் இருக்கலாம். 2023 ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து திருச்சியில் இறங்கிய ஒரு பயணியின் பெட்டிக்குள் 47 மலைப்பாம்புகளும் இரண்டு பல்லிகளும் இருந்தன. துளைபோட்ட சின்னச் சின்ன டப்பாக்களில் வந்த உயிர்கள் அவை.

அம்மாவுக்கு ஒரு யோசனை. மகனைத் திருவனந்தபுரம் மியூசியம் வளாகத்து மிருகக்காட்சிசாலைக்கு அனுப்புங்கள் (திங்கள் விடுமுறை). 2014இல் இலங்கையின் தெஹிவளையிலிருந்து ஏழு அனகோண்டாக்கள் அங்கே வந்தன. டாக்டரும் பராமரிப்பாளர்களும் இருந்தும், அவற்றில் சில பிறகு இறந்துபோயின. பராமரிப்பவர்களிடம் பேசச் சொல்லுங்கள். ஒரு பாம்புக்குப் பின்னால் எத்தனை வேலை என்று அவர்களே சொல்வார்கள். வயது வந்த பிறகும் ஆசை மிச்சமிருந்தால், கேரள வனத்துறையிடம் பாம்பு மீட்புப் பயிற்சி பெறலாம். தோட்டத்தில் பாம்பைப் பார்த்தவர்கள் உதவி கேட்கும் அவர்களுடைய 'சர்ப்ப' செயலிக்கு, பயிற்சி பெற்ற கைகள் எப்போதும் தேவை.

கணபதிக்கு உடைத்த தேங்காய் வீண்போகாது. மகன் என்ன முடிவெடுத்தான் என்று எழுதுங்கள், அம்மா.

அன்புடன்,
ஆசிரியர்