மாரத்தான் புதைகுழியும் விருதுநகர் பஸ்ஸும்

ராமேஸ்வரம் கரையில் யாரைக் கேட்டாலும் ஒரு போரைப் பற்றிச் சொல்வார்கள். ராமன் இலங்கைக்குப் படையெடுத்த கதை. அந்தக் கதையில் கல் சுமந்து கடலில் பாலம் போட்டவர்கள் குரங்குகள். அந்தப் பாலத்துக்குக் காவல் என்று சொல்லிக்கொண்ட ராமநாதபுரம் ராஜாக்களுக்குச் 'சேதுபதி' பட்டம். காவல் காத்தவனுக்குப் பட்டம், கல் சுமந்தவனுக்கு வால்! புராணம்தானே, விட்டுத்தள்ளு என்பார்கள். 'சரித்திரம்' என்று நாம் பரீட்சைக்குப் படிக்கிற போர்களிலும் இதே கணக்குதான் ஓடுகிறது. வெள்ளைக்காரன் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிற கிரேக்க–பாரசீகப் போர்களையே எடுத்துக்கொள்வோம்.

கி.மு. 490-இல் மாரத்தான். 480-இல் தெர்மோபைலே, சலாமிஸ். 479-இல் பிளாட்டியா. பெரிய பாரசீகப் பேரரசைச் சின்னச் சின்ன கிரேக்க நகரங்கள் தடுத்து நிறுத்தின. இங்கிலாந்தின் வரலாற்றுக்கே 1066-இல் நடந்த ஹேஸ்டிங்ஸ் போரைவிட மாரத்தான்தான் முக்கியம் என்று ஜான் ஸ்டூவர்ட் மில் எழுதினார். மேற்கு என்றால் சுதந்திரம், கிழக்கு என்றால் அடிமைத்தனம் என்கிற கதையாடல் இந்தப் போர்களின் மேல்தான் கட்டப்பட்டது. 2007-இல் உலகமெங்கும் ஓடிய '300' சினிமாவும் அதே பாட்டைத்தான் பாடியது.

சரி, அந்தச் 'சுதந்திர'ப் போரில் செத்தவர்களை எங்கே புதைத்தார்கள்? நான் கேட்க வருவது இதுதான்.

மாரத்தானில் மாண்ட ஏதென்ஸ்காரர்கள் 192 பேர் என்கிறார் ஹெரோடோட்டஸ். அவர்களுக்குக் களத்திலேயே பெரிய மேடு எழுப்பி, கல்லில் பெயரும் வெட்டினார்கள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அங்கே போன பாசனியாஸ் என்கிற பயணி இன்னொரு புதைகுழியைக் குறிப்பிடுகிறார். அது பிளாட்டியா ஊர்க்காரர்களுக்கும் அடிமைகளுக்கும் உரியது. அடிமைகள் முதன்முதலாகச் சண்டையிட்டது அங்கேதான் என்றும் எழுதுகிறார். பாருங்க தோழர்களே, ஒரே களம், ஒரே எதிரி, ஆனால் அடிமைக்குத் தனிக்குழி. ஊருக்கு ஒரு சுடுகாடு, சேரிக்கு ஒரு சுடுகாடு என்று வாழ்கிற நமக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்பார்ட்டாவின் கதை இன்னும் கொடுமை. தெர்மோபைலே என்றால் 300 வீரர்கள் என்றுதான் உலகம் சொல்கிறது. ஸ்பார்ட்டாவின் பண்ணையடிமைகளான ஹெலட்டுகளின் பிணங்களும் அங்கே கிடந்தன. பிளாட்டியாவில் 5,000 ஸ்பார்ட்டா குடிமக்களோடு 35,000 ஹெலட்டுகள் நின்றதாக ஹெரோடோட்டஸ் கணக்குச் சொல்கிறார். ஒரு எஜமானுக்கு ஏழு பேர்! வெற்றிக்குப் பிறகு அவர்களுக்கும் ஒரு கல்லறை கிடைத்தது. விடுதலை கிடைக்கவில்லை. ஹெலட்டைக் கொன்றால் பாவம் சேராமல் இருக்க, ஸ்பார்ட்டாவின் அதிகாரிகள் வருஷா வருஷம் அவர்கள்மீது போர் பிரகடனம் செய்வார்களாம். உழைக்கிறவனைக் கொல்லவும் ஒரு சடங்கு!

ஆனால் சலாமிஸ் வேறுமாதிரிப் போனது. அது கடல் சண்டை. ஒரு போர்க்கப்பலுக்குத் தண்டு வலிக்க 170 பேர் வேண்டும். கவசமும் ஈட்டியும் வாங்கக் காசில்லாத ஏழைக் கூலிக்காரர்கள்தான் ஏதென்ஸின் கப்பல்களில் பெருவாரியாக உட்கார்ந்து வலித்தார்கள். நம் கரையில் வள்ளம் வலிப்பவனுக்கு அந்தக் கை வலி தெரியும். 'நாங்க இல்லேன்னா கப்பல் நகராது' என்பது அவர்களுக்குப் புரிந்துவிட்டது. அவர்களுக்கு ஊர்ச்சபையில் ஓட்டும் இருந்தது. சலாமிஸ் வெற்றிக்குக் காரணமான கப்பல் கூட்டம்தான் ஏதென்ஸின் ஜனநாயகத்தை வலுப்படுத்தியது என்று அரிஸ்டாட்டிலே எழுதுகிறார். பிளேட்டோவுக்கு இது பொறுக்கவில்லை. மாரத்தானும் பிளாட்டியாவும் கிரேக்கர்களை மேன்மையாக்கின, கடல் சண்டை அப்படிச் செய்யவில்லை என்று தன் நூலில் வாதிட வைக்கிறார். ஈட்டி பிடித்த கைக்கு மரியாதை, தண்டு வலித்த கைக்கு இழிவு! அந்த ஜனநாயகத்திலும் அடிமைக்கும் பெண்ணுக்கும் இடமில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆக, ரத்தம் சிந்தியது இருவரும்தான். ஹெலட்டுக்குக் கல்லறை மட்டும் மிஞ்சியது. தண்டு வலித்தவன் அதிகாரத்தில் பங்கு கேட்டான். இந்த வித்தியாசம்தான் நமக்கு வேண்டிய பாடம்.

இப்போது நம் மண்ணுக்கு வருவோம். கட்டபொம்மனின் படையில் நின்று வெள்ளையனை எதிர்த்து உயிர்விட்டவர் வீரன் சுந்தரலிங்கம். 1997-இல் விருதுநகரைத் தலைமையாகக் கொண்டு தொடங்கிய அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள். விருதுநகர், பழைய ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து 1985-இல் பிரிந்த பகுதிதான். என்ன ஆயிற்று? அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றது ஆதிக்க சாதி. கலவரம் மூண்டது. கடைசியில் அரசு எல்லாத் தலைவர்களின் பெயரையும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் எடுத்துவிட்டது. அதாவது, ஒரு தலித் வீரனின் பெயரைச் சுமப்பதைவிட யார் பெயரும் இல்லாமல் போவதே மேல் என்று முடிந்தது! இருநூறு வருஷத்துக்கு முந்தைய போர், செத்துப்போன சரித்திரமா என்ன?

நமக்குள்ளேயும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். 'நாங்களும் ஆண்ட பரம்பரை, நாங்களும் தளபதி' என்று போஸ்டர் ஒட்டுவதோடு நின்றால் போதுமா? சுந்தரலிங்கம் ஒரு பாளையக்காரருக்காகப் போரிட்டார். 1818 ஜனவரி 1 அன்று கோரேகானில் மகர் சிப்பாய்கள் கம்பெனிக்காகப் போரிட்டார்கள். பிற்பாடு அதே ஆங்கில அரசு மகர்களைப் பட்டாளத்தில் சேர்ப்பதை நிறுத்தியது. ராஜாவுக்காகச் செத்தாலும் கம்பெனிக்காகச் செத்தாலும் ஹெலட்டின் கதிதான். 1927-இல் அம்பேத்கர் கோரேகான் தூணுக்குப் போனது கம்பெனியின் வெற்றியைக் கொண்டாட அல்ல. சண்டையிடத் தெரிந்த மக்கள் தங்கள் உரிமைக்காகவும் சண்டையிட முடியும் என்று நினைவூட்டத்தான்.

இமானுவேல் சேகரன் அதைத்தான் செய்தார். ராணுவத்தில் வேலை பார்த்தவர், ஊர் திரும்பி, எந்த ராஜாவுக்காகவும் அல்லாமல் தீண்டாமைக்கு எதிராக நின்றார். 1957 செப்டம்பர் 10 அன்று முதுகுளத்தூரில் கலெக்டர் கூட்டிய சமாதானக் கூட்டத்தில் சம ஆளாக உட்கார்ந்து பேசினார். மறுநாள் இரவு பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். சமமாக உட்கார்ந்ததுதான் குற்றம். 2011 செப்டம்பர் 11 அன்று அவர் நினைவு நாளுக்குத் திரண்ட மக்கள்மீது அதே பரமக்குடியில் போலீஸ் சுட்டதில் ஆறு பேர் பலியானார்கள். 2010-இல் அவருக்குத் தபால்தலை வெளியிட்டார்கள். 2023-இல் மணிமண்டபம் அறிவித்தார்கள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கல்லறை ஹெலட்டுக்கும் கிடைத்தது.

நாம் கேட்க வேண்டியது சபையில் இடம். 1996-இல் தலித்துகளுக்கு ஒதுக்கிய பஞ்சாயத்துகளில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் நான்கிலும் பத்து வருஷம் தலைவர் நாற்காலியை ஓட்டியே வைத்திருந்தார்கள். 2006-இல்தான் ஒழுங்காகத் தேர்தல் நடந்தது. மேலவளவில் ஜெயித்து உட்கார்ந்த முருகேசனை 1997-இல் வெட்டினார்கள். நம் சலாமிஸ் அந்த நாற்காலியில்தான் நடந்துகொண்டிருக்கிறது.

செப்டம்பர் 11 அன்று பரமக்குடிக்கு மாலையோடு போகிற தோழர்களே, மாலை போடுங்கள். கையோடு ஒரு பட்டியலும் கொண்டு போங்கள்: எங்கள் ஊரில் பஞ்சமி நிலம் யார் கையில், பஞ்சாயத்துத் தலைவர் எந்த நாற்காலியில் உட்காருகிறார், சுடுகாட்டுக்குப் பாதை இருக்கிறதா? கப்பலை நகர்த்துகிறவர்கள் நாம். எந்தப் பக்கம் போகணும்னு சொல்ல வேண்டியதும் நாம்தான்.